ஸ்கேன் மேசையில் உடம்பு ஏன் அடம்பிடிக்கிறது?

எம்.ஆர்.ஐ. அறையிலிருந்து பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டவரைப் பார்த்து, வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் "இதுக்குப் போயா பயப்படுவாங்க?" என்று கேட்பதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மகளிர் நோய் ஓ.பி.யில் இன்னும் மோசம். உள்பரிசோதனைக்குப் படுத்த பெண் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு அழுதால், "ரெண்டு பிள்ளை பெத்தவதானே, இதுக்கு என்ன?" என்று ஒரு குரல் வரும், அது பெரும்பாலும் இன்னொரு பெண்ணின் குரலாகத்தான் இருக்கும். நான் நர்ஸ். இரண்டு பிரிவிலும் வேலை பார்த்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் குரல் சில தடவை என்னுடையதாகவும் இருந்திருக்கிறது, அதை நினைத்து இன்றும் வருத்தப்படுகிறேன். அப்போது யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிற விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். நோயாளிக்கும், கூட வருகிறவருக்கும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த தங்கச்சிகளுக்கும் சேர்த்து.

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மூளையில் அமிக்டலா என்று சின்னதாக ஒரு பகுதி உண்டு. ஆபத்து என்று அதற்குப் பட்டுவிட்டால் நம்மிடம் அனுமதி கேட்காது. அட்ரினலினைக் கொட்ட வைத்து, இதயத்தை வேகப்படுத்தி, மூச்சைக் கூட்டி, ஓடுவதற்கு உடம்பைத் தயார் செய்துவிடும். ஓடத் தயாரான அந்த உடம்பைத்தான் நாம் மேசையில் கிடத்தி "அசையாம படுங்க" என்கிறோம். மூச்சு வேகமாக வாங்க வாங்க இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், அது குறைந்தால் விரல் நுனியும் உதட்டோரமும் மதமதக்கும், தலை கிறுகிறுக்கும், தேவைக்கு மேலேயே காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதுகூட மூச்சு முட்டுவது போல இருக்கும். அதனால் இன்னும் பயம், அந்தப் பயத்தால் இன்னும் வேகமாக மூச்சு. இந்த அலை பொதுவாகச் சில நிமிடங்களில் உச்சிக்குப் போய், அப்புறம் தானாகவே இறங்கும். ஆனால் உச்சியில் இருப்பவருக்கு "இப்போ செத்துடுவேன்" என்றுதான் தோன்றும். அந்த நேரத்தில் தைரியம் சொல்லி எந்தப் பயனும் இல்லை, காது கேட்டாலும் மனதில் ஏறாது.

அடுத்தது, எல்லா அச்சமும் ஒரே அச்சம் கிடையாது. அடைத்த இடத்தைக் கண்டு வருகிற அச்சத்தையே உளவியலாளர் ராக்மன் இரண்டாகப் பிரித்தார். ஒன்று மூச்சு முட்டிவிடும் என்ற பயம், இன்னொன்று அசைய முடியாமல் கட்டுண்டு கிடக்கிறோமே என்ற பயம். முதல் வகைக்காரருக்கு முகத்தில் காற்று பட்டால் பாதி சரியாகிவிடும். இரண்டாம் வகைக்காரருக்கு மின்விசிறியால் பயனில்லை, "நிறுத்து" என்றால் நிறுத்துவார்கள் என்ற உறுதிதான் வேண்டும். ஊசி, இரத்தம் என்றாலே மயங்கி விழுகிறவர்கள் வேறு கதை. அவர்களுக்கு முதலில் இரத்த அழுத்தம் ஏறி, பிறகு சட்டென்று விழுந்துவிடும், அதனால்தான் கண் இருட்டுகிறது. இவை எல்லாவற்றையும் விட ஆழமாக இருப்பது பழைய நினைவு. சின்ன வயதில் யாரோ தொடக்கூடாத இடத்தில் தொட்டது, கட்டாயப்படுத்தப்பட்டது, முந்தைய பிரசவத்தில் கத்தக் கத்த யாரும் காது கொடுக்காதது. அந்த நினைவோடு வருகிறவர் பரிசோதனை மேசையில் படுக்கும்போது உடம்பு பழைய நாளுக்கே போய்விடும். எந்த அச்சம் என்று தெரியாமல் மாத்திரையைக் கொடுப்பது, எங்கே வலி என்று கேட்காமலே கட்டுப் போடுவது போலத்தான்.

எம்.ஆர்.ஐ. குழாயும் தாலிக்கொடியும்

கோவைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார், 60 வயது இருக்கும், முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எழுதியிருந்தார்கள். உலோகம் எல்லாவற்றையும் கழற்றுங்கள் என்றதும் வளையல், தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி எல்லாம் மகள் கையில் போனது. மெட்டி வரவில்லை, சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றினோம். தாலிக்கொடி என்றதும் அந்த அம்மா கை நெஞ்சை விட்டு வரவே இல்லை. அதில் நாலைந்து ஊக்கு கோத்திருந்தது. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் ஊக்கு இரும்பு, இழுத்துவிடும். உள்ளே இருப்பது 1.5 டெஸ்லா காந்தம், பூமியின் காந்தப்புலத்தைப் போல சுமார் 30,000 மடங்கு, அதுவும் இரவு பகல் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். "சீக்கிரம் கழட்டுங்கம்மா, லேட் ஆகுது" என்று யாரோ அவசரப்படுத்த, அம்மா கழற்றினார். முகம் வெளுத்துவிட்டது. குழாய்க்குள் தலை போன ஒரு நிமிடத்தில் "கண்ணு, மூச்சு முட்டுது, என்னை வெளிய எடு சாமி" என்று கத்தினார்.

வெளியே எடுத்தோம். எல்லோரும் குழாய்தான் காரணம் என்றார்கள். ஒரு பெரிய சிஸ்டர் மட்டும் மகளை அழைத்து மஞ்சள் கயிறு வாங்கி வரச் சொன்னார். அதில் ஒரு துண்டு விரலி மஞ்சளைக் கோத்து, அம்மா கழுத்தில் மகளையே கட்டச் சொன்னார். கயிறும் மஞ்சளும் காந்தத்துக்கு ஒன்றும் செய்யாது. பத்து நிமிடம் கழித்து, மகள் காலைப் பிடித்துக்கொண்டு அறைக்குள்ளேயே நிற்க, அந்த அம்மா ஸ்கேனை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது: அச்சம் குழாயில் தொடங்குவதில்லை. உடை மாற்றும் அறையில், ரிசப்ஷனில், சில பேருக்கு முந்தின நாள் ராத்திரியிலேயே தொடங்கிவிடும். அதனால் தாலி, மெட்டி, தாயத்து என்று என்னென்ன கழற்ற வேண்டும் என்பதை முந்தின நாளே சொல்லிவிட்டால், வீட்டிலேயே நிதானமாகக் கழற்றி, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வருவார்கள். தாயத்துக்குள் தகடு இருக்கும், அதை மறந்துவிட வேண்டாம். ஹூக் வைத்த ஜாக்கெட்டும் பிராவும் அப்படித்தான்.

சரி, குழாய் எப்படி இருக்கும்? இரண்டு முனையும் திறந்திருக்கும். உள்ளே விளக்கு எரியும், காற்று வரும். பழைய இயந்திரங்களில் வாய் 60 சென்டிமீட்டர் அகலம், புதியவற்றில் 70. 26 இஞ்ச் சைக்கிள் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அது சுமார் 66 சென்டிமீட்டர். பழையது அந்தச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் குறுகல், புதியது கொஞ்சம் அகலம். 10 சென்டிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் மூக்குக்கும் மேல்சுவருக்கும் நடுவில் அந்த இடைவெளி மிகப் பெரியது. அதனால் தேதி வாங்கும்போதே "அகலமான குழாய் உள்ள மெஷின் இருக்கிறதா?" என்று கேளுங்கள். பக்கவாட்டில் திறந்த எம்.ஆர்.ஐ.யும் சில ஊர்களில் உண்டு, அதில் காந்த சக்தி பொதுவாகக் குறைவு என்பதால் எல்லா ஸ்கேனுக்கும் படம் போதுமான தெளிவில் வராது, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

அந்தச் சத்தம் எதனால் என்று தெரியாமல்தான் பாதிப் பேர் பயப்படுகிறார்கள். காந்தத்துக்குள் இருக்கும் கம்பிச் சுருள்களில் மின்சாரத்தை வேகவேகமாக மாற்றி மாற்றி விடும்போது அவை அதிர்கின்றன, அந்த அதிர்வுதான் டம் டம் என்றும் டரர்ர் என்றும் கேட்கிறது. 100 டெசிபலைத் தாண்டும், அதனால் காதில் அவர்கள் தரும் காதடைப்பானோ ஹெட்ஃபோனோ கண்டிப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். மெஷின் உடைந்துவிட்டதோ, வெடித்துவிடுமோ என்று நினைக்க வேண்டாம். சத்தம் ஒவ்வொரு படத்துக்கும் மாறும், நடுவில் நிற்கும், நின்றால் முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். எக்ஸ்ரே வகைக் கதிர்வீச்சு இதில் கிடையாது. எக்ஸ்ரே, சி.டி. இரண்டிலும்தான் உண்டு. மொத்தம் 20 முதல் 45 நிமிடம் ஆகும். 1977 ஜூலை 3 அன்று அமெரிக்க மருத்துவர் டமேடியனின் குழுவினர் மனித உடலை முதன்முதலாக இப்படிப் படமெடுத்தபோது ஒரே ஒரு படத்துக்குக் கிட்டத்தட்ட 5 மணி நேரம் ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவரை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

இனி செய்யக்கூடியவை. கண்ணைக் குழாய்க்குள் போன பிறகு மூடுவதைவிட, போகுமுன்பே மூடி மேலே ஒரு கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு போவது பலருக்கு உதவுகிறது, சுவரைக் கண் பார்க்கவே இல்லை என்றால் அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று மூளைக்குத் தெரியாது. தலை ஸ்கேன் என்றால் முகத்துக்கு மேல் கூண்டு போல ஒன்றை மாட்டுவார்கள், அதில் கண்ணாடி பொருத்தியிருந்தால் குழாய்க்கு வெளியே இருக்கும் அறை தெரியும், கேட்டு வாங்குங்கள். முழங்கால், கணுக்கால் என்றால் கால் முதலில் போகும், தலை பெரும்பாலும் வெளியேதான் இருக்கும், இது தெரியாமல் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள். அதை அழுத்தினால் டெக்னீஷியனுக்கு மணி அடிக்கும். படுத்ததும் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், அவர் உடனே பதில் சொல்வதைக் காதால் கேட்டுவிடுங்கள். பந்து வேலை செய்கிறது என்று தெரிந்தவர்தான் அதை அழுத்தாமலே ஸ்கேனை முடிப்பார், என் அனுபவத்தில் இது பெரும்பாலும் பொய்த்ததில்லை.

டெக்னீஷியன்களுக்கு ஒரு வேண்டுகோள். மைக்கில் "அடுத்தது 4 நிமிஷம், அதுக்கப்புறம் எச்சில் முழுங்கிக்கலாம்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள். 30 நிமிடம் என்றால் மலையாகத் தெரிவது, 4 நிமிடம் என்று சொன்னால் ஒரு பாட்டின் நீளம்தான். நீங்கள் பேசாமல் இருந்தால் உள்ளே இருப்பவர் தன்னை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைப்பார், அதை நிறைய பேர் என்னிடம் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார்கள்.

நாள் இருந்தால் வீட்டில் ஒத்திகை பாருங்கள். கட்டிலுக்கு அடியிலோ சாப்பாட்டு மேசைக்கு அடியிலோ மல்லாக்கப் படுத்து, கண்ணைத் துணியால் மூடி, எம்.ஆர்.ஐ. சத்தத்தை செல்போனில் போட்டுக் கேளுங்கள், இணையத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. முதல் நாள் 3 நிமிடம், அடுத்த நாள் 5, அப்புறம் 10, 20. படபடப்பு ஏறும்போது எழுந்து ஓடாமல் அது கொஞ்சம் இறங்கும் வரை இருந்து, இறங்கிய பிறகு எழுந்திருப்பதுதான் இதில் முக்கியம். அலை உச்சியில் இருக்கும்போது தப்பித்தால் "தப்பித்ததால்தான் பிழைத்தேன்" என்று மூளை எழுதிவைத்துக்கொள்ளும். இறங்கிய பிறகு எழுந்தால் "அது தானாகவே போய்விடும்" என்று எழுதிவைத்துக்கொள்ளும். மூச்சை உள்ளே இழுப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், வெளியே விடுவதை நீட்டுங்கள்: 4 எண்ணி இழுத்து, 6 அல்லது 8 எண்ணி விடுவது, விளக்கை அணைக்காமல் சுடர் மட்டும் ஆடுகிற மாதிரி மெதுவாக ஊதுவது.

சி.டி. இந்த அளவுக்குப் பயமுறுத்தாது, அகலமான வளையம், வேலையும் சீக்கிரம் முடியும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: சாயமருந்து ஊசி போட்டதும் உடம்பெல்லாம் குப்பென்று சூடாகும், படுக்கையிலேயே சிறுநீர் போய்விட்டது போல இருக்கும். உண்மையில் போயிருக்காது. இதைச் சொல்லாமல் விட்டதால் வெட்கத்தில் குன்றிப்போய் எழுந்திருக்கவே மறுத்த ஒரு வாத்தியாரை எனக்கு நினைவிருக்கிறது.

"லூஸா விடும்மா"

மகளிர் நோய்ப் பிரிவில் ஒரு நாளைக்கு அதிகம் கேட்கிற வார்த்தை இதுதான். "உடம்பை லூஸா விடும்மா." சொல்வது சுலபம். இடுப்பின் அடித்தளத்தில் இருக்கும் தசைகள், பயந்தால் கண் இமை மூடிக்கொள்வது போலத் தானாக இறுகும். கண்ணுக்கு நேராக விரலைக் கொண்டுவந்துவிட்டு "இமைக்காதே" என்று அதட்டினால் இமை கேட்குமா? இறுகிய தசை வழியாகக் கருவியைச் செலுத்தினால் வலிக்கும், வலித்தால் அடுத்த முறை இன்னும் முன்பே இறுகும். சில பெண்களுக்கு இந்த இறுக்கம் எப்போதுமே வரும், விரல் நுனிகூட நுழையாது. வஜைனிஸ்மஸ் என்று பெயர். இவர்களில் திருமணமாகிப் பல ஆண்டு ஆனவர்களும் உண்டு. அதனால் "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று ஒரு கேள்வியைக் கேட்டு, ஆமாம் என்றதும் கருவியை எடுப்பது தவறு. "இதுக்கு முன்னாடி உள்ளே பரிசோதனை பண்ணியிருக்காங்களா, அப்போ எப்படி இருந்தது?" என்று, கூட வந்த மாமியாரை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். வஜைனிஸ்மஸ் குணமாகக் கூடியது, பயிற்சியும் ஆலோசனையும் இருக்கின்றன, இதைச் சொல்ல ஆளில்லாமல் எத்தனை பெண்கள் தன்னிடம்தான் ஏதோ குறை என்று மருகிக்கொண்டிருக்கிறார்களோ.

தசை தளர என்ன வழி? "லூஸா விடு" என்பதற்குப் பதில் செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொல்லுங்கள். "இடுப்பை மெத்தையிலே அழுத்துங்க." "கால் கட்டைவிரலை ஆட்டுங்க." "வாயைத் திறந்து நீளமா மூச்சை விடுங்க", அந்த மூச்சு வெளியே போகும்போதுதான் கருவி உள்ளே போக வேண்டும். லேசாக முக்கச் சொல்வதும் உதவும், முக்கும்போது அந்தத் தசை திறந்துகொடுக்கும். காலைக் கம்பியில் தூக்கி மாட்டித்தான் ஆக வேண்டும் என்றில்லை, பாதத்தைச் சேர்த்து வைத்து முழங்காலை இருபுறமும் சாய்த்தாலே பல பரிசோதனைகளுக்குப் போதும். தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்ந்து உட்கார வைத்தால் டாக்டர் முகம் தெரியும், முகம் தெரிந்தாலே பாதிப் பயம் போகும். இடுப்புக்குக் கீழே ஒரு போர்வை. சின்ன அளவு ஸ்பெகுலம் (உள்ளே விரித்துப் பார்க்க வைக்கும் கருவி), வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தது. சிலருக்குக் கருவியைத் தன் கையாலேயே உள்ளே வைத்துக்கொள்ளக் கொடுத்தால் ஆச்சரியப்படும்படி சுலபமாகப் போய்விடும், தன் கை என்றால் உடம்பு பயப்படாது. ஸ்கேனுக்கு வைக்கும் கோலும் அப்படித்தான். டி.வி.எஸ். என்று எழுதியிருந்தால் உள்வழியாகச் செய்யும் ஸ்கேன், இரண்டு விரல் பருமன் இருக்கும், மேலே உறை போட்டு ஜெல் தடவுவார்கள், சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்க வேண்டும். வேண்டாம் என்றால் வயிற்றின் மேலேயே செய்யச் சொல்லலாம், அதற்கு மட்டும் தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். படம் கொஞ்சம் தெளிவு குறையலாம், ஆனால் பல கேள்விகளுக்கு அதிலேயே பதில் கிடைக்கும்.

இது எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றாலும் சரி. நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். "இதோ முடிஞ்சிடுச்சு, இன்னும் ஒரே நிமிஷம்" என்று தொடரக் கூடாது. கையை உயர்த்தினால் நிறுத்துவேன் என்று முன்பே பேசிவைத்துக்கொண்டு, உயர்த்தியதும் உடனே நிறுத்தினால், அந்தப் பெண் பெரும்பாலும் ஒரு மூச்சு விட்டுவிட்டு "சரி, பண்ணுங்க" என்பார். நிறுத்தாமல் முடித்தால் அன்றைய வேலை முடியும், அந்தப் பெண் அதற்கப்புறம் எந்த மருத்துவமனைக்கும் வரமாட்டார். சத்தம் போடாமல் படுத்திருப்பவரையும் கவனியுங்கள். கூரையையே வெறித்துக்கொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்லாமல், கை சில்லிட்டு விறைத்துக் கிடந்தால் அவர் அமைதியாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை, உறைந்துபோயிருக்கிறார். பழைய வன்முறையின் நினைவு வந்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆவார்கள். கையை எடுத்துவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று பேச்சுக் கொடுத்து, எழுந்து உட்கார வையுங்கள். அன்றைக்குப் பரிசோதனை நடக்காவிட்டால் பரவாயில்லை.

நாங்கள் தினமும் தட்டில் எடுத்துவைக்கிற ஒரு கருவியின் பெயர் சிம்ஸ் ஸ்பெகுலம். 1840-களில் அமெரிக்காவின் அலபாமாவில் மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்களிடம் மயக்க மருந்து இல்லாமல் திரும்பத் திரும்ப அறுவை செய்து பார்த்துத் தன் முறைகளை உருவாக்கினார். அனார்கா, லூசி, பெட்ஸி என்று மூன்று பெண்களின் பெயர் மட்டும் நமக்குத் தெரியும். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த அவருடைய சிலையை 2018 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். இந்தத் துறையில் பெண்ணின் வலியைக் கணக்கில் எடுக்காத பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே அது இருக்கிறது. யாரும் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனையை இந்த அச்சத்தாலேயே தவிர்க்கிறவர்கள் நிறைய. நம் நாட்டில் 30 முதல் 65 வயது வரை 5 ஆண்டுக்கு ஒரு முறை செய்யச் சொல்லியிருக்கிறார்கள், அரசு நிலையங்களில் அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்க்கிறார்கள், அதற்கும் ஸ்பெகுலம் வேண்டும். இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமியைத் தேடும் டி.என்.ஏ. சோதனைக்கு ஸ்பெகுலம் தேவையில்லை. பஞ்சுக்குச்சி போன்ற ஒன்றைப் பெண்ணே தனியாக, தன் கையால் உள்ளே விட்டுச் சுழற்றி எடுத்துக் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதைப் பரிந்துரைத்தது, ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல் சோதனைக்கு உரிய வயதில் உள்ள யாரும் இப்படிச் செய்துகொள்ளலாம். உங்கள் டாக்டரிடம் இது கிடைக்குமா என்று கேளுங்கள், கேட்பவர்கள் கூடினால்தான் எல்லா ஊருக்கும் வரும்.

மாத்திரை, ஊசி, மயக்கம்

மாத்திரை எடுத்துக்கொள்வது தோல்வி ஆகாது, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூச்சும் ஒத்திகையும் போதாதவர்களுக்கு லோராசிபாம், அல்பிரசோலம் போன்ற மாத்திரையை அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு டாக்டர் கொடுப்பார். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, மெடிக்கலில் கேட்டு வாங்கியது எல்லாம் கூடாது. குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நிற்கிறவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் கட்டாயம் முன்பே சொல்ல வேண்டும். வயதான சிலருக்கு இது அமைதிக்குப் பதில் குழப்பத்தைக் கொடுத்துவிடும். அன்று முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, கூட ஆள் வேண்டும். அதற்கும் மேலே தேவை என்றால் நரம்பில் மிடாசோலம், இல்லையென்றால் மயக்கவியல் டாக்டர் உடனிருந்து புரோபோஃபால் கொடுத்துத் தூங்க வைப்பார். அதற்குத் திட உணவு 6 மணி நேரமும் தண்ணீர் 2 மணி நேரமும் முன்பே நிறுத்த வேண்டும், காந்த அறைக்குள் வைக்கத் தகுந்த கண்காணிப்புக் கருவியும் வேண்டும், அதனால் எல்லா சென்டரிலும் செய்ய மாட்டார்கள், செலவும் கூடும்.

வலிக்கான மருந்து தனி. காப்பர்-டி பொருத்துவது, கருக்குழாயில் சாயம் விட்டு எக்ஸ்ரே எடுக்கும் எச்.எஸ்.ஜி., கருப்பை உள்சுவரில் சதை எடுப்பது, இவை எல்லாம் மாதவிடாய் வலி போலச் சுண்டியிழுக்கும், சிலருக்கு மிகக் கடுமையாக. மெஃபனாமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை ஒரு மணி நேரம் முன்பு எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள், வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் சொல்லுங்கள். கருப்பை வாயைச் சுற்றி லிடோகெயின் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யலாம். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. 2024-ல் காப்பர்-டி போன்றவற்றைப் பொருத்தும்போது லிடோகெயின் உதவக்கூடும் என்று வழிகாட்டியது, அங்கேயுள்ள மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவர்களின் அமைப்பு 2025-ல், வலிக்கு என்னென்ன வழி உண்டு என்பதைப் பெண்களிடம் பேசச் சொன்னது. மாதவிடாய் நின்றவர்களுக்கு உள்தோல் வறண்டு மெலிந்திருப்பதால் உரசலே வலிக்கும், சில வாரம் முன்பிருந்தே ஈஸ்ட்ரஜன் கிரீம் தடவச் சொல்வார்கள். மயங்கி விழுகிற வகைக்காரர்களுக்கு ஒரு பயிற்சி இருக்கிறது: முஷ்டியையும் தோளையும் 10, 15 விநாடி இறுக்கி, முகம் சூடாவதை உணர்ந்ததும் தளர்த்தி, அரை நிமிடம் விட்டு மறுபடி, இப்படி ஐந்து முறை. விழப் பார்க்கும் இரத்த அழுத்தத்தை அது தூக்கிப் பிடிக்கும். உள்பரிசோதனையின்போது காலையும் இடுப்பையும் இறுக்க வேண்டாம், கை மட்டும் போதும்.

சொல்கிற வார்த்தையும் ஒரு மருந்துதான். எல்விரா லாங் என்ற கதிரியக்க மருத்துவர் 241 நோயாளிகளிடம் நடத்தி 2000-ல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை நடக்கும்போது ஒருவர் பக்கத்திலிருந்து மனதைத் தளர்த்தும்படி பேசிய குழுவுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன, மருந்தும் குறைவாகத் தேவைப்பட்டது, வேலையும் சீக்கிரம் முடிந்தது. 2005-ல் வெளியிட்ட இன்னொன்றில், "இப்போ வலிக்கும், சுருக்குன்னு குத்தும்" என்று எச்சரித்தால் வலியும் பதற்றமும் கூடுவதைக் காட்டினார். அதற்காக "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லக் கூடாது, ஒரு தடவை பொய் என்று தெரிந்தால் அடுத்து எதையும் நம்ப மாட்டார்கள். நான் சொல்வது இப்படி: "இப்போ ஜில்லுன்னு இருக்கும், அப்புறம் ஒரு அழுத்தம் தெரியும், எப்படி இருக்குன்னு நீங்க சொல்லுங்க."

கூட வருகிறவர்கள் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்வதை விட்டுவிட்டு, உடம்பில் உலோகம் எதுவும் இல்லை என்று சரிபார்த்துக்கொண்டு ஸ்கேன் அறைக்குள் வரலாமா என்று கேளுங்கள். பாதத்தைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பேச வேண்டியதில்லை.

முன்பே போன் செய்து சொல்ல வேண்டியதையும் எழுதித் தருகிறேன், அப்படியே படித்துவிடுங்கள்: "எனக்கு ஸ்கேன்னா ரொம்ப பதட்டம் வரும். போன தடவை பாதியிலேயே எழுந்துட்டேன். கூட்டம் இல்லாத நேரமா குடுங்க, கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குங்க. நிறுத்தச் சொன்னா நிறுத்தணும். முன்னாடியே வந்து ரூமைப் பார்க்கலாமா?" மறுத்தால் வேறு சென்டரைக் கேளுங்கள். முடிந்த பிறகு, எது உதவியது என்பதை உங்கள் ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள், எழுத அவர்களுக்கு நேரமில்லை என்றால் நீங்களே எழுதிவிடுங்கள். அந்தக் கோவைப் பக்கத்து அம்மாவின் மகள் ரிசப்ஷனில் பேனா வாங்கி, ஃபைலின் அட்டையிலேயே எழுதினாள்: மஞ்சள் கயிறு, கண்ணுக்குத் துணி, காலைப் பிடிக்க நான்.